மடக்குக் கத்திப் பிடிக்கு மாற்று ஸ்க்ரூ, மீன் கத்திக்கு ரிவிட்: நம் கடற்கரைக்கு எது தாங்கும்?

கீழக்கரைக்காரன்:

எல்லோருக்கும் சலாம், வணக்கம். இரண்டு கத்திகளுக்குச் சேர்த்து யோசனை கேட்கிறேன்.

முதலாவது மடக்குக் கத்தி. மச்சான் துபாயிலிருந்து வரும்போது கொண்டுவந்தது. வள்ளத்தில் கயிறு அறுக்க, சிக்கின வலையை விடுவிக்க எப்போதும் இடுப்பில் இருப்பது அதுதான். அலகு எவர்சில்வர், பிடி கறுப்பு ஃபைபர். பிடியின் பின்பக்க ஸ்க்ரூ ஒன்று எங்கோ கழன்று விழுந்துவிட்டது. இன்னொன்றின் தலையில் நட்சத்திரக் குழி மழுங்கிப்போய் பிட் பிடிக்கவே மாட்டேன் என்கிறது. மற்றவை நன்றாக இருக்கின்றன. ஹார்டுவேர் கடையில் ‘இது 3 எம்.எம். தான்’ என்று ஒரு ஸ்க்ரூ கொடுத்தார்கள். ஒரு சுற்று உள்ளே போய் இறுகி நின்றுவிட்டது. அதற்குமேல் நான் முடுக்கவில்லை. கம்பெனிக்கு எழுதினால் கத்தியையே அவர்கள் நாட்டுக்கு அனுப்பச் சொல்கிறார்கள். அந்தத் தபால் செலவில் இன்னொரு கத்தி வாங்கிவிடலாம்.

இரண்டாவது, உம்மாவின் மீன் கத்தி. பழைய இரும்பு அலகு, இரு பக்கமும் மரம், மூன்று பித்தளை ரிவிட். நடு ரிவிட் ஆடுகிறது. கழுவிவிட்டுப் பிடியை அழுத்தினால் மரத்துக்கும் இரும்புக்கும் நடுவிலிருந்து கறுப்புத் தண்ணீர் கசிகிறது. புதுக் கத்தி வாங்கித் தருகிறேன் என்றால் உம்மா கேட்பதாக இல்லை. அந்தக் கை வாகு வேறு கத்தியில் வராதாம்.

ஸ்க்ரூ எங்கே தேடுவது, மீன் கத்திக்கு எதை அடிப்பது?

தொண்டி லேத் பட்டறை:

வ அலைக்கும் சலாம் தம்பி. முடுக்காமல் நிறுத்தினது நல்ல காரியம். இன்னும் இரண்டு சுற்று போயிருந்தால் கத்தியின் உள்மரை, அதாவது ஓட்டைக்குள் இருக்கும் சுருள் பல், போயிருக்கும். ஸ்க்ரூ போனால் ஸ்க்ரூ வாங்கலாம், உள்மரை போனால் அது பட்டறை வேலை.

கடைக்காரர் வெளி விட்டத்தை மட்டும் கண்ணால் பார்த்துச் சொல்லியிருக்கிறார். மரைக்கு அளவு இரண்டு: வெளி விட்டம் ஒன்று, பல்லுக்குப் பல் இடைவெளி இன்னொன்று. எம்3 என்றால் விட்டம் 3 மி.மீ., பல் இடைவெளி 0.5. அமெரிக்கக் கத்திகளில் அதிகம் வருவது 4-40 என்கிற அங்குல அளவு. அதன் விட்டம் 2.84, அங்குலத்துக்கு 40 பல், அதாவது இடைவெளி 0.635. இரண்டையும் கையில் வைத்துப் பார்த்தால் ஒன்றுபோலவே தெரியும். ஆனால் எம்3-ஐ 4-40 ஓட்டையில் விட்டால் நீங்கள் சொன்ன மாதிரியே ஒரு சுற்றில் கடித்துக்கொள்ளும். திருப்பிச் செய்தால் இன்னும் மோசம், 4-40 ஸ்க்ரூ எம்3 ஓட்டைக்குள் தொளதொளவென்று கொஞ்சம் போய், சரியாகப் பொருந்தினதுபோல ஏமாற்றும்.

அதைவிடச் சின்னதிலும் இதே குழப்பம் உண்டு. எம்2-க்குப் பல் இடைவெளி 0.4, எம்2.5-க்கு 0.45. அங்குலத்தில் 2-56 என்று ஒன்று, விட்டம் 2.18, இடைவெளி 0.45. எம்2.5-க்கும் 2-56-க்கும் பல் கிட்டத்தட்ட ஒன்று, தடிமன்தான் வேறு. எம்2-க்கும் 2-56-க்கும் தடிமன் கிட்டத்தட்ட ஒன்று, பல் வேறு.

வெர்னியர் (மில்லிமீட்டருக்கும் கீழே அளக்கும் கருவி) இருந்தால் நல்ல ஸ்க்ரூ ஒன்றைக் கழற்றி விட்டத்தைப் பாருங்கள். பிறகு ஐந்து பல் இடைவெளியைச் சேர்த்து அளங்கள். 2.5 மி.மீ. வந்தால் எம்3, 3.2-ஐ ஒட்டி வந்தால் 4-40. ஒரு பல்லை மட்டும் அளந்து கணக்குப் போட வேண்டாம், கை நடுக்கமே அந்த வித்தியாசத்தைத் தின்றுவிடும்.

கீழக்கரைக்காரன்:

காக்கா, வெர்னியர் என்னிடம் இல்லை. ஸ்கேல்தான் இருக்கிறது. வேறு வழி உண்டா?

பரமக்குடி சிஸ்டம் சர்வீஸ்:

உண்டு தம்பி, பழைய கம்ப்யூட்டர் போதும். மானிட்டருக்குப் போகும் நீலத்தலை வி.ஜி.ஏ. கேபிள் ஞாபகம் இருக்கும். அதன் இரு ஓரத்திலும் கையால் முடுக்கும் ஸ்க்ரூ இருக்கும். அது 4-40. அது போய் இறங்குகிற ஆறுபட்டை நட்டும் 4-40. சர்வீஸ் கடை எதிலும் உடைந்த போர்டில் அந்த நட் சும்மா கிடக்கும், கேட்டால் கொடுத்துவிடுவார்கள். உங்கள் கத்தியின் நல்ல ஸ்க்ரூவை அதில் விரலால் விட்டுப் பாருங்கள். எண்ணெய் போட்டதுபோல ஓடினால் 4-40.

எம்3-க்குச் சோதனை, பழைய சி.டி. டிரைவின் பக்கவாட்டு ஓட்டை, அல்லது லேப்டாப் ஹார்டு டிஸ்க்கின் ஓட்டை. இரண்டும் எம்3. டெஸ்க்டாப்பின் பெரிய ஹார்டு டிஸ்க்கில் பார்க்காதீர்கள், அது 6-32, வேறு அளவு. விரலால் மட்டும் விடுங்கள், டிரைவர் வைத்துத் திருகினால் எந்த ஸ்க்ரூவும் எந்த ஓட்டையிலும் போய்விடும்.

லேப்டாப் கழற்றிய எம்2, எம்2.5 ஸ்க்ரூக்கள் எங்கள் மாதிரிக் கடைகளில் டப்பா டப்பாவாகக் கிடக்கின்றன. இடுப்புக் கிளிப் ஸ்க்ரூ தொலைந்தவர்களுக்கு அது உதவும். ஆனால் பெரும்பாலானவை கறுப்புப் பூச்சுப் போட்ட சாதா இரும்பு. கடலுக்குக் கொண்டுபோகும் கத்தியில் அதை நிரந்தரமாக விடாதீர்கள்.

பாம்பன் வள்ளக்காரன்:

கடைசியில் சொன்னது முக்கியம். மரை பொருந்திவிட்டது என்று கையில் கிடைத்த இரும்பு ஸ்க்ரூவைப் போட்டால் நம் ஊர்க் காற்றே அதைத் தின்றுவிடும். அதிலும் எவர்சில்வர் அலகில் இரும்பு ஸ்க்ரூ போட்டால் சீக்கிரம் போகும். இரண்டு உலோகம் தொட்டுக்கொண்டு உப்புத்தண்ணீரில் நனைந்தால் மட்டமான உலோகம்தான் கரையும். மட்டமானது சின்னதாகவும் மற்றது பெரிதாகவும் இருந்தால் கரைவது இன்னும் வேகம். பெரிய எவர்சில்வர் அலகு, பொடி இரும்பு ஸ்க்ரூ: முழு அடியும் அந்தப் பொடி ஸ்க்ரூவுக்குத்தான். மஞ்சளாகவோ வெள்ளையாகவோ மினுங்குகிற நாக (ஸிங்க்) பூச்சு ஸ்க்ரூவும் கொஞ்ச நாள்தான். முதலில் நாகம் போகும், பிறகு இரும்பு.

எவர்சில்வரிலேயே 304, 316 என்று இரண்டு ரகம் உண்டு, எதுவென்று கேட்டு வாங்குங்கள். 304-இல் குரோமியம் 18, நிக்கல் 8 சதவீதம் அளவுக்கு இருக்கும். 316-இல் கூடுதலாக 2 முதல் 3 சதவீதம் மாலிப்டினம் சேர்கிறது. உப்பில் குழிக்குழியாக அரிப்பதைத் தடுப்பது அந்த மாலிப்டினம்தான். போல்ட்டுத் தலையில் ஏ2 என்றிருந்தால் 304 வகை, ஏ4 என்றிருந்தால் 316 வகை. ஆனால் இந்த முத்திரை எம்5-இலிருந்துதான் எதிர்பார்க்கலாம், கத்தி ஸ்க்ரூ அளவில் இருக்காது. அதனால் சில்லறையாக அள்ளிக் கொடுப்பதை நம்பாமல், பெட்டியில் ஏ4 என்று அச்சிட்டிருக்கிறதா பாருங்கள்.

காந்தம் வைத்துப் பார்க்கிறவர்களுக்கு ஒன்று. 304, 316 இரண்டிலும் காந்தம் ஒட்டாது, அல்லது மரை உருட்டும்போது கொஞ்சம் மாறி லேசாக இழுக்கும். பளிச்சென்று ஒட்டினால் அது இந்த இரண்டுமில்லை. 304-ஐயும் 316-ஐயும் பிரித்துச் சொல்ல காந்தத்தால் முடியாது. ‘காந்தம் ஒட்டவில்லை, அதனால் 316’ என்று யாராவது விற்றால் வாங்காதீர்கள்.

மண்டபம் அக்கா:

ஸ்க்ரூவைப் பற்றி ஆண்பிள்ளைகள் பேசிக்கொண்டே போகிறீர்கள். உம்மாவின் கத்திதான் அவசரம், ஏனென்றால் அதில்தான் சோறு.

கசிகிற கறுப்புத் தண்ணீர் துரு மட்டும் இல்லை தம்பி. மீன் ரத்தம், செதில், கொழுப்பு எல்லாம் அந்த இடுக்கில் போய் ஊறிக் கிடக்கிறது. நாங்கள் மீன் வெட்டும் இடத்தில் ரிவிட்டைச் சுற்றி மயிரிழை அளவு கறுப்பு வளையம் தெரிந்தாலே அந்தக் கத்தியை ஒதுக்கிவிடுவோம். மேலே எத்தனை சோப்புப் போட்டாலும் உள்ளே போகாது. மூக்கில் வைத்துப் பார்த்தால் தெரியும்.

ரிவிட்டை மட்டும் தட்டி இறுக்கினால் போதும் என்று யாராவது சொல்வார்கள். செய்ய வேண்டாம். மரம் ஊறி உப்பியிருக்கும்போது தட்டினால் இறுகினதுபோல இருக்கும், காய்ந்ததும் பழைய ஆட்டம் வரும். பிடியை முழுசாகக் கழற்றி, துருவைத் தேய்த்து, இடுக்கே இல்லாமல் பசை வைத்து மூட வேண்டும். மீன் வெட்டும் கத்தியில் கழற்றி மாட்டும் ஸ்க்ரூ என்ற பேச்சே கூடாது.

பாம்பன் வள்ளக்காரன்:

அக்கா, இங்கேதான் எனக்கு ஒப்பவில்லை. மூடி வைத்தால் தண்ணீர் போகாது என்பது பசை பிடித்திருக்கும்வரைதான். ஒரு பக்கம் மயிரிழை விட்டுவிட்டால் உப்புத்தண்ணீர் உள்ளே போகும், வெளியே வராது. காற்றுப் படாத இடுக்கில் உப்பு தங்கினால் எவர்சில்வரே அரிக்கும், 316-உம் தப்பாது. வெளியே பிடி பளபளவென்று இருக்கும், உள்ளே இரும்பு பாதியாகியிருக்கும். ஒரு நாள் அழுத்தி வெட்டும்போது பிடியோடு ஒடியும், கை போகும். கழற்ற முடிகிற பிடியென்றால் நல்ல தண்ணீரில் கழுவி, காயவைத்து, எண்ணெய் தொட்டு மாட்டலாம். உள்ளே என்ன நடக்கிறது என்று கண்ணால் பார்க்கலாம்.

மண்டபம் அக்கா:

வள்ளத்தில் ஒரு ஆள், ஒரு கத்தி. உங்களுக்கு நேரம் இருக்கிறது. விடியற்காலையில் பெட்டி பெட்டியாக மீன் வந்து இறங்கும்போது யார் தம்பி ஸ்க்ரூ கழற்றுவது? கழற்றாத ஸ்க்ரூ, ஓட்டை போட்ட பிடிக்குச் சமம்தானே. நீங்கள் சொல்கிற ஆபத்து பசையை அரைகுறையாக வைத்தால் வருவது. அதற்கு மருந்து பசையை ஒழுங்காக வைப்பது.

உங்கள் ஊர்ப் பாலத்தையே பாருங்கள். 1914-இல் திறந்த பழைய ரயில் பாலம் அரித்துப்போய் 2022 டிசம்பரில் ரயிலை நிறுத்தினார்கள். 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலத்தில் எவர்சில்வர் கம்பி போட்டதோடு விடவில்லை, மேலே பாலிசிலாக்ஸேன் பூச்சும் பூசியிருக்கிறார்கள், இணைப்புகளை முழுக்க வெல்டு வைத்திருக்கிறார்கள். நல்ல உலோகமும் வேண்டும், இடுக்கும் மூட வேண்டும்.

தொண்டி லேத் பட்டறை:

இரண்டு பேரும் வெவ்வேறு கத்தியைப் பற்றிப் பேசுகிறீர்கள். மடக்குக் கத்தி அசைகிற பொருள், அதை ஒட்டி மூடவே முடியாது. அதற்கு ஸ்க்ரூதான், வள்ளக்காரர் சொன்னபடி அவ்வப்போது திறந்து கழுவத்தான் வேண்டும். உம்மாவின் கத்தி அசையாத பிடி, மரம். மரத்தில் ஸ்க்ரூ போட்டால் மரம் ஊறிக் காயும்போதெல்லாம் ஸ்க்ரூ தளரும். அக்கா சொன்னதுதான் சரி: பசையும் ரிவிட்டும்.

வேலையைச் சொல்கிறேன். பழைய ரிவிட்டின் ஒரு பக்கத் தலையை அரத்தால் ராவி மட்டமாக்குங்கள். நடுவில் பஞ்ச் வைத்து ஒரு அடி. ரிவிட்டை விடச் சன்னமான டிரில்லால் தலை ஆழத்துக்கு மட்டும் துளையுங்கள். பிறகு கம்பி வைத்து மறுபக்கம் தட்டினால் வந்துவிடும். முழு ஆழத்துக்கும் டிரில் போட்டால் பித்தளையை விட்டு மரத்துக்கு ஓடும், ஓட்டை கோணலாகும்.

மரத்தைப் பிரித்ததும் அலகின் வால் பகுதியைப் பாருங்கள். துரு மேலாக இருந்தால் உப்புத்தாளில் வெள்ளை இரும்பு தெரியும்வரை தேய்க்கலாம். ஓட்டைகளைச் சுற்றி இரும்பு பாதி தடிமனுக்கு வந்துவிட்டதென்றால், உம்மா என்ன சொன்னாலும் அந்தக் கத்தியை மீன் வெட்டக் கொடுக்காதீர்கள்.

பழைய மரம் திரும்ப வேண்டாம், எண்ணெயும் ரத்தமும் ஊறின மரத்தில் பசை பிடிக்காது. காய்ந்த பூவரசு நன்றாக இருக்கும். பசை, இரவு முழுக்க இறுகுகிற அரால்டைட். ஐந்து நிமிடத்தில் இறுகும் ரகம் தண்ணீரில் புழங்கும் கத்திக்கு வேண்டாம். இரும்பின் இருபுறமும் சொரசொரப்பாகத் தேய்த்து, ஸ்பிரிட் போட்டுத் துடைத்து, அதன்பிறகு விரல் படாமல் பூசுங்கள். கிளாம்ப்பை மூர்க்கமாக இறுக்கினால் பசை முழுக்க வெளியே வழிந்து நடுவில் ஒன்றும் இருக்காது. ஓரம் முழுக்கச் சன்னமாகப் பசை பிதுங்கினால் போதும்.

ரிவிட்டுக்கு ஆயத்த ரிவிட் தேட வேண்டாம். கடையில் கிடைக்கிற இரட்டைத்துண்டு ரிவிட், ஒன்றுக்குள் ஒன்று அடித்து இறுக்குவது. ஓட்டை இம்மி சின்னதானால் மரத்தைப் பிளக்கும். 5 மி.மீ. பித்தளைக் கம்பி வாங்குங்கள். ஓட்டையின் வாயை லேசாக அகலமாக்கி, கம்பி இருபுறமும் ஒன்றரை மி.மீ. நீட்டிக்கொண்டிருக்கும்படி வெட்டி, ஓட்டைக்குள்ளும் பசை விட்டு, உருண்டைத்தலைச் சுத்தியலால் சின்னச் சின்ன அடியாகச் சுற்றிச் சுற்றித் தட்டுங்கள். தலை விரிந்து அகன்ற வாயில் உட்காரும். பசை இறுகியபின் அரம் போட்டு மட்டமாக்கி உப்புத்தாள். கைக்கு ரிவிட் இருப்பதே தெரியக்கூடாது.

உச்சிப்புளி பனங்காடு:

ஒரு சந்தேகம் அண்ணே. வள்ளக்கார அண்ணன் இரண்டு உலோகம் தொட்டால் மட்டமானது கரையும் என்றார். அப்படியென்றால் இரும்பு அலகில் பித்தளை ரிவிட் போட்டால் அலகு கரையாதா? எங்கள் வீட்டுப் பாளை அரிவாளில் பிடியே வேறு மாதிரி, காம்பைச் சூடாக்கி மரத்தில் இறக்கிப் பூண் போட்டிருக்கும், ரிவிட்டே கிடையாது. அதனால்தான் கேட்கிறேன்.

தொண்டி லேத் பட்டறை:

சரியான கேள்வி. கரையும், ஆனால் மெதுவாக. இங்கே கரைகிற இரும்பு பெரியது, பித்தளை சின்னது, அதனால் அரிப்பு பரந்துபோய் வேகம் குறையும். அதோடு பசை நடுவில் உட்கார்ந்து தண்ணீரை நெருங்கவிடாமல் வைத்தால் அந்த வேலையே நடக்காது. அதனால்தான் ஓட்டைக்குள்ளும் பசை விடச் சொன்னேன். பலர் மரத்துக்கு மட்டும் பூசிவிட்டு ரிவிட்டைக் காய்ந்த ஓட்டையில் அடிக்கிறார்கள்.

பூண் போட்ட பிடி நம் பக்கத்துக்கு நல்ல பிடி. தண்ணீர் போகிற வாய் ஒன்றே ஒன்று. அகலக் கத்திக்கு அது வாய்க்காது, அவ்வளவுதான்.

மண்டபம் அக்கா:

மரத்துக்கு எண்ணெய் பற்றியும் சொல்லிவிடுகிறேன். தேங்காய் எண்ணெய் மரத்தில் உலராது, பிசுக்காகவே நிற்கும். அலகுக்குத் தொட்டுக்கொள்ளலாம், பிடிக்கு வேண்டாம், வழுக்கும். பிடிக்கு ஆளிவிதை எண்ணெய் சன்னமாகத் தடவி நிழலில் காயவிட்டால் மரத்தோடு இறுகும். பெயின்ட் கடையில் காய்ச்சினது என்று விற்பதில் உலர்த்தி மருந்து கலந்திருக்கும், சாப்பாட்டுக் கத்திக்கு அது வேண்டாம், பச்சை எண்ணெய் கேளுங்கள். துடைத்த துணியைச் சுருட்டிப் போடாதீர்கள் தம்பி. அந்த எண்ணெய்த் துணி குவிந்து கிடந்தால் தானே சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காயவைத்துவிட்டு எறியுங்கள்.

கீழக்கரைக்காரன்:

எல்லோருக்கும் பெரிய நன்றி. சிஸ்டம் சர்வீஸ் அண்ணன் சொன்ன வி.ஜி.ஏ. நட் கிடைத்தது. கத்தியின் நல்ல ஸ்க்ரூ அதில் விரலாலேயே கடைசிவரை ஓடியது. 4-40 தான். தலையில் டி8 என்கிற நட்சத்திர பிட் சரியாக உட்காருகிறது.

இன்னும் இரண்டு கேள்வி. மழுங்கிப்போன ஸ்க்ரூவை எப்படி எடுப்பது? 4-40 எவர்சில்வரில் எங்கே வாங்குவது?

தொண்டி லேத் பட்டறை:

மழுங்கின ஸ்க்ரூவில் பெரும்பாலும் உள்ளே பூட்டுப் பசை (ஸ்க்ரூ தானாகக் கழலாமல் மரையில் விடுவது) இருக்கும், அதுதான் பிடிவாதம் பிடிக்கிறது. சாலிடரிங் இரும்பின் நுனியைத் தலையில் அழுத்தி வையுங்கள், பசை இளகும்வரை. பிடி ஃபைபர் என்பதால் சுற்றி ஈரத்துணி. சூடு இருக்கும்போதே, நுனி தேயாத புது டி8 பிட்டைச் சின்னச் சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டி உட்காரவைத்து, மேலிருந்து அழுத்திக்கொண்டே திருப்புங்கள். அதற்கும் அசையவில்லை என்றால் சன்ன ரம்பத்தால் தலையில் ஒரு கோடு வெட்டி, தட்டை டிரைவர் போடலாம். அதுவும் இல்லையென்றால் கொண்டுவாருங்கள், தலையை டிரில்லில் எடுத்துவிட்டால் பிடி கழன்றுவிடும், மிச்சத் தண்டைக் குறட்டால் பிடித்துச் சுழற்றலாம்.

பரமக்குடி சிஸ்டம் சர்வீஸ்:

வாங்குவது: நம் மாவட்டத்தில் அங்குல அளவு எவர்சில்வர் பொடி ஸ்க்ரூ கேட்டால் முழிப்பார்கள். சென்னை பாரிமுனைப் பக்கம் நட்டு போல்ட்டு மட்டுமே விற்கிற கடைகளில் கேட்கலாம், இல்லையென்றால் ஆன்லைன். 4-40, எவர்சில்வர், டி8 என்று மூன்றையும் போட்டுத் தேடுங்கள். 18-8 என்று போட்டிருந்தால் அது 304 வகை. டி8 தலை கிடைக்காவிட்டால் ஆலன் (ஆறுபட்டை) குழி உள்ளதும் நடக்கும், தலையின் உருவம் ஒன்றாக இருந்தால் சரி.

பாம்பன் வள்ளக்காரன்:

316 கிடைத்தால் அது, கிடைக்காவிட்டால் 304 போடுங்கள் தம்பி, கரைக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் கழுவுகிற பழக்கம் இருந்தால் அது பல காலம் நிற்கும். மரையில் நீல நிறப் பூட்டுப் பசை ஒரு பொட்டு. சிவப்பு வேண்டாம், அது கழற்றவே கூடாத இடத்துக்கு. அலகு சுழலும் அச்சுக்குள் பசை வழிந்துவிடாமல் பாருங்கள், அங்கே தையல் மிஷின் எண்ணெய் ஒரு சொட்டு மட்டும். அக்காவிடம் மீன் கத்தி விஷயத்தில் நான் இன்னும் முழுசாக ஒத்துக்கொள்ளவில்லை, ஆனால் உம்மாவின் கத்திக்கு அவர்கள் சொன்னபடியே செய்யுங்கள், தினமும் கழற்றிக் கழுவச் சொல்ல முடியாது.

கீழக்கரைக்காரன்:

ஆன்லைனில் பார்த்துவிட்டேன் அண்ணே. கால் அங்குலம், 5/16 அங்குலம் என்று நீளம் கேட்கிறது. என் ஸ்க்ரூ தலை சரிவாக உள்ளது, பிடிக்குள் மட்டமாகப் புதைகிற ரகம். முழு நீளம் ஸ்கேலில் 6 மி.மீ.-க்குக் கொஞ்சம் மேலே வருகிறது. தலையைக் கழித்துச் சொல்ல வேண்டுமா?

தொண்டி லேத் பட்டறை:

கழிக்க வேண்டாம். புதைகிற தலைக்குத் தலையோடு சேர்த்துத்தான் நீளம். மேலே நிற்கிற தலைக்குத்தான் தலைக்கு அடியிலிருந்து அளப்பது. உங்களுடையது கால் அங்குலம், 6.35 மி.மீ. அதைவிட நீளமானது போட்டால் நுனி உள்ளே துருத்தி அலகை உரசும்.

சரிவின் கோணத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். அங்குல ஸ்க்ரூவுக்கு 82 டிகிரி, மில்லிமீட்டர் ஸ்க்ரூவுக்கு 90. அங்குல ரகத்திலேயே வாங்கினால் பிடியில் இருக்கிற குழிக்குச் சரியாக உட்காரும். பத்தாகவே வாங்கிவிடுங்கள், மற்ற ஸ்க்ரூக்களையும் ஒரே நேரத்தில் மாற்றிவிடலாம். பித்தளைக் கம்பி என்னிடமே இருக்கிறது, தொண்டிப் பக்கம் வந்தால் வாங்கிப் போங்கள்.